சித்தியின் கைப்பையில் உன் பேனா

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், நீயும் மருமகளும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறீர்களா. சித்தியும் நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போன வாரம் அவள் வேலை பார்க்கும் சலவைக் கடையில் துணி வாங்கிப் போடும் மேஜை மேலேயே மயங்கிச் சரிந்துவிட்டாள். பதறாதே, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள், என்னோடு சண்டை போடும் அளவுக்குத் தேறியும்விட்டாள். போனில் சொன்னால் எனக்கு அழுகை வந்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன், அப்பா இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவார்.

சர்க்கரை ஏறிப்போய்த்தான் விழுந்திருக்கிறாள். டாக்டர் என்னைப் பார்த்து, "இன்சுலின் உடம்புல தானா சுரக்க வேண்டிய ஹார்மோன்மா, வெளியிலேர்ந்து போடுறதையும் பாதியாக் குறைச்சா உடம்பு எப்படித் தாங்கும்" என்று சத்தம் போட்டார். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. இன்சுலின் ஊசிப் பேனாவில் போடும் மருந்துக் குப்பி சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதென்று இவள் பாதி பாதியாகப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், சில நாள் அதுவும் இல்லை. ஏன்டி என்னிடம் சொல்லவில்லை என்றால், "நம்ம புள்ள செஞ்ச பேனாக்கா, அதைப் போய் விலை ஜாஸ்தின்னு எந்த வாயால சொல்றது" என்கிறாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. சீசா மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றிப் போட்டுக்கொண்டு தன் பாட்டுக்கு இருந்தவளைப் பேனாவுக்கு மாற்றியது நான்தானே. என் பிள்ளை செய்தது நம் வீட்டிலேயே இல்லாவிட்டால் எப்படி என்று டாக்டரை நச்சரித்து எழுதி வாங்கினேன். வீட்டுக்கு யார் வந்தாலும் அவள் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டச் சொல்வேன், மருந்துக் குப்பி உட்காரும் இடத்தில் இருக்கிறதே அந்தச் சின்னப் பள்ளம், அதைத் தொட்டுக் காட்டி இது முழுக்க என் பிள்ளை மூளை என்பேன். அது எதற்கென்று உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டேனா, இல்லை, பெருமையடிக்கத்தான் எனக்கு நேரம் இருந்தது. நேற்று மருந்துக் கடைக்காரர்தான் சொன்னார், பேனாவைச் செய்தது என் பிள்ளை என்று அவருக்குத் தெரியும், அதனால் மெதுவாகவே சொன்னார். "மருந்து பழசும்மா, அதோட காப்புரிமை எப்பவோ முடிஞ்சுபோச்சு, யார் வேணும்னாலும் செய்யலாம், அதான் சீசா மலிவா வருது. புதுக் காப்புரிமை இந்தப் பேனாவுக்குத்தான். வேற கம்பெனியோட மலிவுக் குப்பி இதுல உக்காராது, அதைத் தடுக்கத்தான் அந்தப் பள்ளமே" என்றார். மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். உன்னைத் திட்ட இதை எழுதவில்லை கண்ணா, கம்பெனி சொன்னதை நீ செய்தாய், கண் தெரியாதவர்களுக்கும் கை நடுங்குகிறவர்களுக்கும் அந்தப் பேனா எவ்வளவு சௌகரியம் என்றும் தெரியும். ஆனாலும் வெட்கமாக இருக்கிறது, என்னை நினைத்தா உன்னை நினைத்தா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

டாக்டரிடம் கேட்டுச் சீசா வாங்கிப் பிரிட்ஜில் வைத்திருக்கிறேன். தொட மாட்டேன் என்கிறாள், நீ வரும்போது பேனா எங்கே என்று கேட்டால் உன் மனசு கஷ்டப்படுமாம். பணம் அனுப்பாதே, ரோஷக்காரி, வாங்க மாட்டாள். என் பேச்சும் இனி எடுபடாது. நீயே இன்றைக்குக் கூப்பிட்டு, சீசாவுக்கே மாறிடு சித்தி, எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று உன் வாயால் சொல்.

இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும், குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. கூப்பிட மறந்துவிடாதே. எடுத்ததுமே, உன் பேனா ரொம்ப நல்லா இருக்குடா என்றுதான் ஆரம்பிப்பாள். நம்பிவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா