உறையை அறுத்த கத்தி

1965 மார்ச் 14, ஞாயிறு

என் சிறு கத்திக்குப் காலில் போட்டுத் தேய்ந்த பழைய சப்பாத்துத் தோலில் நானே உறை தைத்திருந்தேன். தோல் தைத்தது அதுதான் முதல் தடவை. கத்தியின் கூர் தையல் நூலையே அறுத்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்று துவைக்க எடுத்த என் காற்சட்டைப் பைக்குள் மனைவி மேரி கையை விட்டாள். நூல் அறுந்த உறைக்கு வெளியே கத்தி நீட்டிக்கொண்டிருந்தது. ஆட்காட்டி விரல் எலும்பு தெரியக் கிழிந்தது. தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் நாலு தையல் போட்டார்.

“தேங்கா ஒடைக்கிறப்போ வெட்டிக்கிட்டேங்க” என்று அவரிடம் சொன்னாள். நானும் அதற்குத் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்தும் அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை.

கொழுந்து பறிக்கிற விரல் அது. இரவு நான் அவளுக்குச் சோறு ஊட்டும்போது, “நாளைக்கு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போயிருவேன்” என்றாள். விரலை மடக்கிக் காட்டச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.