செதுக்காமல் விட்ட முகம்

மார்ச் 4

கணவரின் கல்லறைக் கல்லிலிருந்து என் பெயரை நான் உளியால் வெட்டியெறிந்தேன் என்று எங்கள் தீரு நகரமே பேசுகிறது. தவறு. என் பெயர் அங்கே இருந்ததே இல்லை. கனடாவிலிருக்கும் மகன் நிக்கோலா தொலைபேசியில் சொன்னபடி, கல்தச்சர் ஹன்னா, ஜிர்ஜியின் பெயருக்குக் கீழே சாக்குக்கட்டியால் எழுதி வைத்திருந்தார்: 'ஜிர்ஜியின் மனைவி, நிக்கோலாவின் தாய், 1944 –'. கைக்குட்டையை நனைத்துத் துடைத்தேன். அவ்வளவுதான்.

1944, பிறகு ஒரு கோடு. அந்தக் கோடு எதற்காகக் காத்திருக்கிறது என்று எனக்குத் தெரியாதா?

"உம் நிக்கோலா, உங்க பையன் சொன்னதைத்தானே எழுதினேன்" என்று ஹன்னா முனகினார். 'உம் நிக்கோலா' என்றால் நிக்கோலாவின் தாய்; ஊரில் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"மிச்சத் தேதியும் அவனுக்குத் தெரிஞ்சிருந்தா எனக்கும் சொல்லச் சொல்லுங்க" என்றேன்.

மார்ச் 6

நிக்கோலா அழைத்தான். பக்கத்து வீட்டு நுஹாத் எனக்கு முன்பே அவனிடம் பேசிவிட்டாள். "அப்பா பக்கத்துல படுக்க மாட்டேன்னு சொன்னீங்களாமே?" குரல் உடைந்திருந்தது. பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டான். பிறகு எடுக்கவே இல்லை. என்ன பிள்ளை இவன், கேக்கவாவது வேணாமா?

மார்ச் 7

அழைப்பு இல்லை.

மார்ச் 10

பூசை முடிந்ததும் தேவாலய வாசலில் பெண்கள் பேச்சை நிறுத்தி என்னைப் பார்த்தார்கள். வேறு தெருவில் திரும்பினேன். அது ரோமானியர் கல்லறைகளுக்குப் போகும் தெரு. அங்கே ஆய்வு செய்யும் ரீமா என் பழைய மாணவி. ஒரு கல்லின் முன் நிறுத்தினாள். கணவன், மனைவி. அவன் தாடியில் ஒவ்வொரு சுருளும் தெரிகிறது. அவளுக்கு முகமே இல்லை. பிசைந்து வைத்த மாவு உருண்டை போலக் கல்.

"யார் உடைச்சது?"

"யாரும் உடைக்கலை, மேடம். செதுக்கவே இல்லை. இப்படி முகம் இல்லாமத்தான் கடையில வாங்கி வைப்பாங்க, அப்புறம்தான் செதுக்குவாங்க. அவன் உயிரோட இருக்கும்போதே ரெண்டு பேருக்கும் செஞ்சது. அவ பேர் இருக்கு, சாயக்காரின்னு தொழிலும் இருக்கு. வயசு போடற இடம் காலி."

"அவ எங்க போனா?"

"தெரியாது. மறுபடி கல்யாணம்கூடப் பண்ணியிருக்கலாம்."

"நல்லது."

ரீமா சிரித்தாள். அடுத்த கல்லைப் படித்தாள்: 'நல்லவரே, யாருக்கும் துயர் தராதவரே, போய் வாரும்.' அதற்கடுத்த கல்லிலும் அதே வரி.

"அப்போ இந்த ஊர்ல தொல்லை கொடுத்த ஒருத்தர்கூடச் சாகலையா?"

ஜிர்ஜிக்கு அந்த வரி பொருந்தாது. இருந்தாலும் அவரைவிட்டு வேறெங்கே போய்ப் படுப்பேன்?

வீடு திரும்பும்போது நெஞ்சு லேசாக இருந்தது. இடத்தை நான் மறுக்கவில்லை. மறுத்தது வாசகத்தை. சாயக்காரி என்று அவளுக்கு எழுதியிருக்கிறது. முப்பது வருடம் கன்னியர் மடப் பள்ளியில் பிரெஞ்சு கற்பித்த எனக்கு, என் பெயர்கூட இல்லை.

மார்ச் 12

ரீமாவின் தொலைபேசியிலிருந்து அழைத்தேன். புதிய எண் என்று எடுத்துவிட்டான்.

"வைக்காதே. உன் அப்பா பக்கத்துலதான் படுப்பேன். சந்தேகம் வேண்டாம். அந்தத் தேதிக் கோடும் என் பேரில்லாத வாசகமும்தான் பிடிக்கலை."

மூக்கை உறிஞ்சும் சத்தம். "இங்க எல்லாரும் அந்தக் கோடு போடறாங்கம்மா. நான் யோசிக்கவே இல்லை."

"யோசிக்க மாட்டேன்னு தெரியும். உனக்குப் பாடம் எடுத்தவளே நான்தானே."

சிரித்தான். அப்பாடா.

மாலையில் நுஹாத் பருப்புச் சோறு கொண்டுவந்தாள். வெங்காயம் கருகியிருந்தது. முழுவதும் சாப்பிட்டேன்.

மார்ச் 13

நிக்கோலாவுக்கு இன்று அனுப்பிய கடிதத்தின் நகல்:

'ஜிர்ஜியின் பெயருக்குக் கீழே உள்ள இடத்தை வழவழப்பாக்கி அப்படியே விடும்படி ஹன்னாவிடம் சொல்லிவிட்டேன். நேரம் வரும்போது எழுத வேண்டியது: அடேல், ஆசிரியை, ஜிர்ஜியின் மனைவி, நிக்கோலாவின் தாய். இந்த வரிசையில். பிறந்த வருடம், இறந்த வருடம் இரண்டையும் அப்போது ஒன்றாகப் பொறிக்கட்டும். துயர் தராதவள் என்று சேர்க்க வேண்டாம். தொலைபேசியில் சரி என்று சொன்னால் போதாது. உன் சம்மதத்தை எழுத்தில் அனுப்பு.'