அமீனா கேட்ட கேள்வி

யோங் பெங், ஜொகூர்
ஆங்கிரச வருஷம், ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை

என் அருமை மகள் ராஜம்மாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளை அவர்களும் பேரனும் ரங்கூனில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் அம்மா வேண்டிக்கொள்கிறாள், நானும் பக்கத்தில் நின்று கையைக் கூப்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் உடம்புக்குச் சுகம். அதென்ன உடம்புக்கு என்று தனியாக எழுதியிருக்கிறார் என்று புருவத்தைத் தூக்குவாய், தூக்கு, காரணம் இருக்கிறது, சொல்கிறேன். பேரனுக்குப் பல் முளைக்கிறது, ராத்திரியெல்லாம் அழுகிறான் என்று எழுதியிருந்தாய். அழத்தான் செய்வான். உனக்குப் பல் முளைத்தபோது நீ அழுத அழுகையில் தோட்டத்துப் பெரிய துரை பங்களாவிலிருந்து ஆள் அனுப்பி என்ன சங்கதி என்று கேட்டார். சுத்தமான துணியை நனைத்து அவன் கையில் கொடு, கடித்துக்கொண்டு கிடப்பான். அங்கே போன கலகத்துக்குப் பிறகு ஊர் அமைதியாக இருக்கிறதா, மாப்பிள்ளை பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறாரா, அதை எழுது. இங்கே மழை விட்டபாடில்லை. பக்கத்து வீட்டுக் காளியம்மாவின் ஆடு நம் அவரைப் பந்தலை முக்கால்வாசி தின்று முடித்துவிட்டது, கேட்டால் ஆட்டுக்கு என்ன தெரியும் என்கிறாள். இப்படியே எழுதிக்கொண்டு போனால் காகிதம் தீர்ந்துவிடும், எழுத வேண்டியதை எழுதாமல் தப்பித்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன்.

அம்மாவின் தையல் மெஷின் ஜப்தியில் போய்விட்டது ராஜம்மா. போக்கியவன் நான். ரப்பர் நல்ல விலை விற்ற காலத்தில் பத்து பகாட் ஊர்ச் செட்டியார் கடையில் கடன் வாங்கி மூன்று ஏக்கர் துண்டு ஒன்று வாங்கினேனே, அந்தக் கடன்தான். உன் கல்யாணக் கடன் இல்லை, அதை உன் தலையில் போட்டுக்கொண்டு அங்கே உட்கார்ந்து அழாதே. விலை விழுந்தது, தோட்டத்தில் ஆட்குறைப்பு என்று எனக்கும் சீட்டைக் கிழித்தார்கள், துண்டைச் செட்டியார் கடையிலேயே எடுத்துக்கொண்டார்கள், அப்படியும் கடன் முழுதும் அடையவில்லை. வசூலுக்கு வந்த ஆளிடம் மரியாதையாகத் தவணை கேட்டிருக்கலாம். நான் தோட்டத்தில் ஆட்களை விரட்டிய அதே குரலில், இன்னொரு தடவை இந்தப் படியேறினால் காலை உடைப்பேன் என்று தெருக் கேட்கக் கத்தினேன். பிறகு கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன் போய்க் கைகட்டி நிற்பதா என்று போகவில்லை. நான் போகாவிட்டால் வழக்கு நகராது என்று நினைத்தேன், அது நான் இல்லாமலே நகர்ந்து தீர்ப்பும் ஆகிவிட்டது. காலை உடைப்பேன் என்று சொன்ன புண்ணியத்தில் ஜப்திக்கு வரும்போது போலீசையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

வந்தவர்கள் மூன்று பேர். கோர்ட்டு அமீனா சாம்பசிவம், யாழ்ப்பாணத்துக்காரர், நரைத்த மீசை, தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைத்தார். செட்டியார் கடை ஆள், அவன் நான் சொன்னதை மறக்காமல் லாரிப் பக்கத்திலேயே நின்றுகொண்டான். மூன்றாவது நம் ஊர் ஸ்டேஷன் போலீஸ்கார மாத்தா ஹசான், முழு உடுப்பில். போலீஸ் உடுப்பைக் கண்டதும் அம்மா, என்னைப் பிடித்துக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள். காதிலிருந்த தோட்டைக் கழற்றி அமீனா கையில் வைத்து, இத வச்சுக்குங்க ஐயா, அவர விட்டுடுங்க என்றாள். அந்தத் தோடு ஒன்றுதான் அவளிடம் மிச்சம் என்பது உனக்குத் தெரியும். அமீனா அதைத் திருப்பிக் கொடுத்து, பயப்படாதேங்கோ அம்மா, ஆரையும் பிடிக்க வரேல்லை, பொலிஸ் சண்டை வராமல் பாக்கத்தான் வந்தது, நீங்கள் தோட்டைப் போடுங்கோ என்றார். கடன் வாங்கியவன் வீட்டில் அவ்வளவு பதமாகப் பேசுகிற மனிதரை நான் பார்த்ததில்லை. என் சாய்வு நாற்காலி, சுவர்க்கடிகாரம், கண்ணாடி பீரோ எல்லாம் லாரிக்குப் போயின. சட்டி பானை, பாய் தலையணையைத் தொடவில்லை, தொடக் கூடாதென்று சட்டமாம்.

பிறகு உள் அறைக்குப் போனார்கள். மெஷினில் ஊசிக்குக் கீழே பாதி தைத்த ரவிக்கை அப்படியே இருந்தது, தோட்டத்தில் கல்யாணம் வைத்திருக்கிற பெண்ணுடையது. அமீனா அதைப் பார்த்தார், மூலையில் அளவெடுத்து வெட்டி அடுக்கியிருந்த துணிகளைப் பார்த்தார். எழுதுகிற கையை நிறுத்திவிட்டு, ஐயா, ஒண்டு கேக்கிறன், யோசிச்சு மறுமொழி சொல்லுங்கோ, இந்த மெசினிலை தைச்சு இந்த வீட்டிலை ஆராவது உழைக்கினமோ, தொழில் சாமான் எண்டால் நான் தொட ஏலாது என்றார். இதைவிட வெளிச்சமாக ஒரு மனிதன் எப்படி வழி காட்டுவான்? ஆமாம் என்று சொல்ல வேண்டியதுதான். ஆனால் காளியம்மாவும் எதிர்க் கடைக்காரர்களும் வாசலுக்குள்ளேயே வந்து எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டே நான், கிராணி வீட்டுப் பொம்பள கூலிக்குத் தைக்கிறவ இல்ல, இது சும்மா பொழுதுபோக்குக்கு வச்சிருக்கறது என்றேன். ஹசான் திடுக்கிட்டுத் திரும்பினான். அவன் மனைவி ஹரி ராயாப் பெருநாளுக்குப் போட்ட பாஜுச் சட்டை அம்மா தைத்தது, கூலியைக் கொண்டுவந்து கொடுத்தவனே அவன்தான். கிராணி, என் வீட்டுக்காரியின் பாஜு, என்று மலாயில் மெல்ல ஆரம்பித்தான். டியாம் லா, உன் வேலை சண்டை தடுப்பது, அதைப் பார் என்று நான் மலாயிலேயே அவன் வாயை அடைத்தேன். உதவ வந்த வாயை. அமீனா இரண்டாந்தரமும் கேட்டார், நான் இரண்டாந்தரமும் அதையே இன்னும் சத்தமாகச் சொன்னேன். அதன் பிறகு அவர் என்ன செய்வார் பாவம். துணி கிழியாமல் நூலைக் கத்தரித்து, ரவிக்கையை மடித்து அம்மா கையில் கொடுத்தார். அம்மா அதை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

உன்னைப் பெண் பார்க்க வந்தபோது சம்பந்தி அம்மா மெஷினைக் கண்டு யார் தைப்பது என்று கேட்டதற்கும் இதே பொழுதுபோக்குப் பதிலைத்தான் சொன்னேன். நீ காப்பித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாய், தலையைக் குனிந்துகொண்டாய். அப்போதாவது எனக்குச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. சம்பளம் நின்ற பிறகு இந்த வீட்டில் உலை கொதித்ததெல்லாம் அவள் மெஷின் மிதித்த காசில்தான், அரிசி, எண்ணெய், வாடகை, என் சுருட்டு உட்பட. அப்படியிருந்தும் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் பின்பக்கச் சந்து வழியாகத்தான் வர வேண்டும் என்று உத்தரவு போட்டவன் நான். ஊருக்கே தெரிந்த விஷயம், எனக்கு மட்டும் தெரியாததுபோல முன்வாசலில் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இதோடு நின்றிருந்தால் ஏதோ ஒரு நிமிஷக் கிறுக்கு என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். அமீனா போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஏலத்துக்கு முன்னால் பத்து பகாட் கோர்ட்டுக்கு வந்து, இது மனைவி பிழைக்கிற தொழில் சாமான் என்று சத்தியம் செய்து சொன்னால் மெஷின் திரும்பிவிடும், தானே முன்னின்று பார்த்துத் தருவதாகச் சொன்னார். அம்மாவிடம் சொன்னேன். அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருந்த சில்லறையைப் பஸ்ஸுக்கு எடுத்துக் கொடுத்தாள், என் கோட்டைத் தேய்த்துக் கொடுத்தாள். போனேன். கோர்ட்டு வராந்தாவில் பக்கத்துத் தோட்டத்துக் கிராணி ராஜசேகரன் இன்னும் இரண்டு பேரோடு நின்றுகொண்டிருந்தான், ஏதோ தோட்டத்து வழக்காம். என்ன அய்யாவு, இந்தப் பக்கம் என்றான். சும்மா, ஒரு சாட்சி விஷயம் என்றேன். அவர்கள் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது என் பெயரைக் கூப்பிடுவார்கள், நான் எழுந்து என் பெண்டாட்டி கூலிக்குத் தைக்கிறாள், நான் அதில் சாப்பிடுகிறேன் என்று சொல்ல வேண்டும். அவர்கள் போகட்டும் என்று மரத்தடியில் உட்கார்ந்தேன். போகவில்லை. அவர்களோடு சேர்ந்து தேத்தண்ணி குடித்தேன், ரப்பர் விலையைப் பற்றிப் பெரிதாகப் பேசினேன், கோர்ட்டுப் படியேறாமலே பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்து, எடுத்துச் சொன்னேன், கோர்ட்டில் ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். போகட்டும், நீங்க எனக்காகப் போய்ச் சொன்னீங்களே, அதுவே போதும் என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டே அவள் போட்ட சோற்றைச் சாப்பிட்டேன் மகளே, தொண்டையில் சிக்காமல் இறங்கியது, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

ஏலத்தில் மெஷினை எடுத்தது நம் கடைத்தெருத் தையற்கடை முதலாளி, சீனத் தவுக்கே. தெரிந்ததும் அம்மா என்னிடம் ஒன்றும் கேட்காமல் அந்தச் சீனரிடம் நேரே போய் வேலை கேட்டாள். இப்போது கடை முன்னாலே, அஞ்சடி நடைபாதையில், தெருவில் போகிற வருகிற அத்தனை பேரும் பார்க்க, தன் மெஷினிலேயே கூலிக்குத் தைத்துக்கொண்டிருக்கிறாள். நான் மார்க்கெட்டுக்குப் பின் ரோட்டால் சுற்றிப் போகிறேன். அதுவும் பெரிதில்லை. அங்கே மற்றவர்களுக்குக் கொடுப்பதில் பாதிக் கூலிதான் அவளுக்குக் கிடைக்கிறது. ஏன் என்று தவுக்கேயைக் கேட்டாளாம். கிராணி வீட்டு அம்மாவுக்கு எதற்குக் காசு, பொழுதுபோக்குக்குத்தான் தைக்கிறீர்கள் என்று கிராணியே எல்லார் முன்னாலும் சொன்னாரே என்று சிரித்தாராம். இதை அம்மா என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை, கை வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே சும்மா சொன்னாள்.

உங்கள் வீட்டுக்கு ஒருநாளும் அமீனா வர வேண்டாம். வந்தால் ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். கூட வரும் போலீஸைப் பார்த்துப் பயந்து கழுத்திலும் காதிலும் இருப்பதைக் கழற்றாதே, அவன் சண்டை வராமல் பார்க்க வந்தவன். கோர்ட்டு முத்திரை போட்ட உத்தரவைக் காட்டச் சொல், வாசலில் யார் கையிலும் ரசீது இல்லாமல் காசு கொடுக்காதே, கத்தாதே. கேட்ட கேள்விக்கு உள்ளதைச் சொல். மெஷினை மீட்கிறேன் என்று பணம் கிணம் அனுப்பிவிடாதே, அம்மா தொட மாட்டாள், தன் கூலியிலேயே மீட்பேன் என்கிறாள்.

உனக்கு எழுதிய எந்தக் கடிதத்தையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டாமல் நான் ஒட்டினதில்லை. இதை எழுதும்போதே, வேறு எதையாவது வாசிப்பதுபோல் வாசித்து மடித்துவிடலாம், அவளுக்கு எழுத்தா தெரியும் என்று ஒரு நினைப்பு வந்தது. வெட்கமாக இருந்தது. இன்று கடை இல்லை, வீட்டில்தான் இருந்தாள். மேலே உள்ள முழுவதையும் மத்தியானம் வாசித்தேன். கோர்ட்டு வராந்தா இடம் வந்ததும் காகிதத்தைக் கீழே வைக்கப் போனேன். நிறுத்தாதீங்க என்றாள். முடியும் வரை கேட்டுவிட்டு, வாசல்ல சொன்னீங்க பாருங்க, அது ஏதோ ரோசத்துல வந்தது, அத நான் அன்னைக்கே விட்டுட்டேன், ஆனா பஸ் காசு குடுத்து அனுப்பிட்டு நாள் பூரா சாமியக் கும்பிட்டுக்கிட்டு உக்காந்திருந்தேனே என்றாள். அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். அழுது முடிக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நாளைக்கு எங்கூடக் கடைக்கு வாங்க, உள்ள வர வேணாம், அஞ்சடியில நின்னே தவுக்கேகிட்டச் சொல்லுங்க, இவ கூலியிலதான் எங்க வீட்டுல சோறு, முழுக்கூலி குடுன்னு சொல்லுங்க, நான் சொன்னா அந்தாளு நம்பமாட்டேங்குறான் என்றாள்.

நாளைக் காலையில் போகிறேன். சாயங்காலத்திலிருந்து அதை மலாயில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், குழந்தைகூடச் சொல்லிவிடும், நாலைந்து வார்த்தைதான், எனக்கு இன்னும் முழுதாக வரவில்லை. போகிற வழியில் ஸ்டேஷனில் ஹசானிடமும் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்க வேண்டும். இந்தக் கடிதத்தை மறக்காமல் மாப்பிள்ளை அவர்கள் கையில் கொடு, சம்பந்தி வீட்டுக்கும் வாசித்துக் காட்டச் சொல், மாமனார் மானம் என்று எதையும் மூடி வைக்காதே. நீங்கள் மூவரும் தீர்க்காயுசாக, யாருக்கும் கடன்படாமல், நிறைவாக இருங்கள். அம்மாவின் ஆசீர்வாதத்தையும் சேர்த்து எழுதச் சொன்னாள். மத்தியானத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசியது அது ஒன்றுதான்.

இப்படிக்கு,
உன் அப்பா
அய்யாவு