அந்த இரண்டு வருடம்

மூத்த பேரனுக்குப் பாட்டி ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது.

நம் வீட்டுப் பிள்ளைகளால் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. உன் தங்கை ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் ஆகிவிட்டாள். டாக்டர்களே அவளைக் கண்டால் ஒதுங்குகிறார்களாம், அவள் சொன்னதுதான், பாதியைக் கழித்துக்கொள். உன் அத்தை மகள் பத்தாம் வகுப்பில் பள்ளிக்கே முதல். நீ கம்பெனிக்கு ஆள் எடுக்கும் அதிகாரி. ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் இதைத் தெருவில் சொல்லாத ஆளில்லை. உன் சித்தப்பா மகனும் குறைந்தவனில்லை. உங்கள் கம்பெனிக்காரர்கள் இங்கே ஆள் எடுக்க வந்து வெல்டிங் வைக்கச் சொன்னபோது, அவன் ஒட்டிய தகட்டை அழுத்தி வளைத்துப் பார்த்தார்களாம். ஒட்டு விடவில்லை.

பிறகுதான் உங்கள் நேர்காணல். நீ கம்ப்யூட்டர் திரையில் இருந்தாயாம். இவன் என் தம்பி என்று முதலிலேயே சொன்னாயாம், அது சரி. இவர் எழுதிய அனுபவமெல்லாம் உண்மையா என்று மற்றவர்கள் உன்னைக் கேட்டார்களாம். கடைசி இரண்டு வருடம் இவன் எந்தப் பட்டறையிலும் வேலை செய்யவில்லை என்றாயாம். அதோடு அவனை அனுப்பிவிட்டார்கள்.

அவன் பொய் எழுதியது தப்புதான். சும்மா இருந்த வருடம் தெரிந்தால் கழித்துக் கட்டிவிடுவார்கள், ஏதாவது பட்டறைப் பெயரைப் போடு என்று வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டு சொன்னானாம், இவனும் போட்டுவிட்டான். ஆனால் சும்மாவா இருந்தான்? படுத்த படுக்கையாகிவிட்ட தகப்பனைப் புண் வராமல் புரட்டிப் போட்டான். மலம் அள்ளினான். என் மகனின் குழறல் பெற்றவள் எனக்கே விளங்காது, அவனுக்கு விளங்கும். சித்தப்பா போன துக்கத்துக்கு நீ வந்தபோது, "உன்ன மாதிரி யாராலயும் முடியாதுடா" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். அதை மட்டும் அங்கே சொல்லாமல் விட்டாயே அப்பா.

உன் சித்தி, "அத்தே, உங்க பெரிய பேரன் தராசு முள்ளு மாதிரி நேரா நின்னுட்டான், நாங்கதான் கீழ போயிட்டோம்" என்றாள். உன் தம்பிக்குச் சாப்பாடு பாதியாகிவிட்டது.

சலுகை கேட்கவில்லை. ஒரு முறை பொய் சொன்னவனை மறுபடி கூப்பிட மாட்டார்கள் என்கிறான். வழி உண்டா என்று கேட்டுப் பார். இந்தத் தடவை உள்ளதை எழுதுவான். அந்த இரண்டு வருடம் என்ன செய்தாய் என்று உங்களில் யாராவது அவனைக் கேளுங்கள், போதும்.

கூடத்தில் இருந்த உன் படத்தைச் சித்தி கழற்றிவிட்டாள். தூக்கி எறியவில்லை, துடைத்து என் கையில்தான் கொடுத்தாள். டை கட்டி மேசைக்குப் பின்னால் நீ இருக்கும் படம் அது. அந்த முகத்தைப் பார்த்தால் எனக்கே ஏதோ பதில் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. நீ நன்றாக இரு, வயிறாரச் சாப்பிடு. மேசை இல்லாமல், வீட்டுச் சட்டையில், புதிதாக ஒரு படம் எடுத்துத் தபாலில் அனுப்பு. ஆணியையும் பிடுங்கப் போனாள் சித்தி. உன் தம்பிதான், "அது இருக்கட்டும்மா" என்றான்.

உன் படத்துக்குக் காத்திருக்கும்,
பாட்டி