தண்ணியை யாரு கழுவுறது

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

நானும் பாப்பாவும் இங்கே நன்றாக இருக்கிறோம். உங்கள் தொண்டைக்கட்டு விட்டதா? பில்டர் விற்கப் புதிதாகச் சேரும் பையன்களுக்கு நாள் முழுக்கப் பாடம் எடுக்கிறீர்கள், நடுநடுவே வெந்நீராவது குடியுங்கள். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். போனில் என்றால் நீங்கள் குறுக்கே ஏதாவது சொல்லி என்னைச் சிரிக்க வைத்துவிடுவீர்கள். இந்த விஷயத்தில் எனக்குச் சிரிக்க இஷ்டமில்லை.

பாப்பாவின் வயிறு சரியாகிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கி வந்தபோது கழுத்தெலும்பு தெரிந்ததே, இப்போது அங்கே பவுடர் போட்டால் மடிப்பில் தங்குகிறது. டாக்டரம்மா, மருந்தை நிறுத்திடலாம், முதல்ல தண்ணியை மாத்துங்க என்றார்.

வீட்டுக்கு வந்து பழைய பில்டரைத் திறந்தேன். உள்ளே வெள்ளையாக இருந்த வடிகட்டி பழுப்பாகி, தொட்டால் தவளை முதுகு மாதிரி வழுக்கியது. சோப்புப் போட்டுக் கழுவியும் விரலில் அந்த வாடை போகவில்லை. அன்றைக்குச் சாப்பாட்டில் கை வைக்க முடியவில்லை. அதில் வடிந்ததைத்தான் நாம் குடித்திருக்கிறோம், வந்தவர்களுக்கும் டம்ளரில் நீட்டி உபசரித்திருக்கிறோம்.

மொட்டைமாடித் தொட்டியைப் பார்க்க வீட்டுக்காரரை அழைத்துப் போனேன். மூடி பாதி உடைந்து கிடக்கிறது. தண்ணீர்மேல் புறா இறகும் எச்சமும் ஏடு கட்டியிருந்தன. அவர் கொஞ்சமும் அசரவில்லை. அதெல்லாம் மேல மிதக்குறதும்மா, குழாய் அடியிலதானே இருக்கு என்றார். அந்த வாயில் அந்தத் தண்ணீரையே ஊற்றலாம் போலிருந்தது. பிடிவாதமாக நின்று தொட்டியைக் கழுவ வைத்து, புது மூடி போட வைத்தேன்.

எந்த பில்டர் வாங்கலாம் என்று கேட்டபோது, எதை வேணும்னாலும் வாங்கு, நம்ம கம்பெனியோடது மட்டும் வேண்டாம் என்றீர்கள். ஹோட்டல்காரர் வீட்டுச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போகிற மாதிரி என்று நானும் சிரித்தேன். ஆனால் போன வாரம் உங்கள் கம்பெனிப் பையன் நம் அடுப்படிக்கே வந்துவிட்டான். வரச் சொன்னது மாடிவீட்டு டீச்சர். அவள் இப்போது மாசமாக இருக்கிறாள், மயக்கமும் வாந்தியுமாகப் படி ஏறி இறங்கவே சிரமப்படுகிறாள். தனியாப் பார்க்கப் பயமா இருக்கு, நீங்களும் பாருங்கக்கா என்று அவனை இங்கே கூட்டி வந்தாள். நான் யார் என்று அவனுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

டை கட்டிய, மரியாதையான பையன்தான். நம் வீட்டுக் குழாய்த் தண்ணீர் ஒரு கிளாஸ், அவன் பாட்டிலில் கொண்டுவந்த பில்டர் தண்ணீர் ஒரு கிளாஸ். இரண்டிலும் கம்பிகளை இறக்கி சுவிட்சைப் போட்டான். நம் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுப்பாகி, நுரைத்து, கழிவுக்குழி நிறத்துக்கு வந்தது. அவனுடையது அப்படியே இருந்தது. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு பாத்திரம் கழுவும் தொட்டிக்கு ஓடினாள்.

நீங்கள் நம் சாப்பாட்டு மேஜையில் பழகிய வித்தைதானே அது. தண்ணியில உப்பு இருந்தா கரண்ட் பாயும், கம்பி துருப்பிடிச்சுக் கரையுது, அவ்வளவுதான்டி, அழுக்கும் இல்ல ஒண்ணும் இல்ல என்று நீங்களே சொன்னீர்கள். டீச்சர் திரும்பி வந்ததும் அவனுடைய கிளாஸில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டேன். இப்ப போடு தம்பி என்றேன். அதுவும் பழுப்பானது. டீச்சர் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். சண்டை முடிந்தது, பையன் பெட்டியைக் கட்டப்போகிறான் என்று நினைத்தேன்.

அவன் கட்டவில்லை. சுவிட்சை அணைத்தான், கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தான், குரலையும் இறக்கினான். மிஷினை விடுங்கக்கா, ஒரு அம்மாவோட கதை சொல்றேன் என்றான். ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த அம்மா தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுததாம்: “ஸ்பூனைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவினேனே, தண்ணியை யாரு கழுவுறது.”

அது நான் அழுத வார்த்தை. அன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தது நீங்கள் ஒருவர்தான்.

அப்புறம் என்னாச்சு என்று டீச்சர் கேட்டாள். அந்தப் பிள்ளை தங்கலக்கா என்றான்.

பாப்பா அப்போது அவன் காலடியில் உட்கார்ந்து அவனுடைய பையின் ஜிப்பை இழுத்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

யாருப்பா இதை உனக்குச் சொன்னது என்று கேட்டேன். எங்க டிரெயினிங் சார் கண்ணால பார்த்ததுக்கா, சொல்லும்போதே அவருக்குக் கண்ணு கலங்கிடும் என்றான். உப்பு போட்ட கிளாஸ் பழுப்பாக எதிரிலேயே நிற்க, டீச்சர் வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் ஆர்டர் தாளில் கையெழுத்துப் போட்டாள். அந்தப் பிள்ளை இதுதான், இதோ இருக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் அந்த சார் யார் என்பதையும் சொல்ல வேண்டுமே. அவன் போன பிறகு கிளாஸ்களைத் தேய்த்தேன். கறை போய்விட்டது. இருந்தும் அவற்றில் குடிக்கப் பிடிக்காமல் தூக்கிப் போட்டுவிட்டேன்.

மறுநாள் பாட்டிலில் குழாய்த் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். உப்பு அளவாத்தான் இருக்கு, உப்பெடுக்குற மிஷின் உங்களுக்கு எதுக்கு, கிருமிதான் தொல்லை என்றார்கள். கிருமியைக் கொல்லும் விளக்கு வைத்த சின்ன பில்டர் ஒன்றைக் கடையில் வாங்கி மாட்டியாகிவிட்டது. பாப்பாவுக்கு மட்டும் இன்னும் காய்ச்சித்தான் தருகிறேன். பரிசோதனைச் சீட்டை டீச்சரிடம் கொடுத்து, உங்கள் கம்பெனியில் கொடுத்த உப்பெடுக்கும் மிஷின் ஆர்டரை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். ஏன் என்று கேட்டாள். நீங்கள் வந்ததும் நீங்களே அவளிடம் சொல்லிக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் லீவு என்றீர்கள். பாப்பா வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே அப்பா என்று எழுந்து ஓடுகிறாள். அவளைத் தூக்க நீங்கள் கையை நீட்டும்போது நான் எங்கே பார்ப்பேன் என்று தெரியவில்லை. நான் அழுத வார்த்தையை வேண்டுமானால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அது போனால் போகட்டும். கிளம்புவதற்கு முன்னால் அந்தப் பையன்களை எல்லாம் ஒருமுறை உட்கார வைத்து, அந்தப் பிள்ளை பிழைத்துக்கொண்டது, கழுத்தில் மடிப்பு விழுகிற அளவுக்குத் தேறிவிட்டது என்று உங்கள் வாயால் சொல்லிவிட்டு வாருங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா