சுவரில் முருகன் படம் இல்லை

1964 ஆகஸ்ட் 11, செவ்வாய். தாராவி.

இசக்கியை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். எங்க பிள்ளை செத்து மூணு மாசமா அவளுக்குச் சாப்பாடும் இல்லை, தூக்கமும் இல்லை. அதற்குத்தான் மனசு டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

"உன் புருஷன் பேர் என்ன?" என்று டாக்டர் இந்தியில் கேட்டார். இசக்கி தலையைக் குனிந்துகொண்டாள். கட்டினவன் பேரை எவள் வாயால் சொல்வாள்? ரேஷன் கடையில் கேட்டால், என் பேருக்கு அங்கே மாட்டியிருக்கிற முருகன் படத்தைக் கைகாட்டுவாள். கடைக்காரரும் சிரித்துக்கொண்டே எழுதிக்கொள்வார். இங்கேயும் படத்தைத் தேடி நாலு சுவரையும் பார்த்தாள். எல்லாம் வெறும் சுண்ணாம்பு. கடைசியில் அந்த வெறும் சுவரையே கைகாட்டினாள்.

நான் விளக்கிச் சொல்ல வாயெடுத்தேன். "நீ பேசாதே" என்று அதட்டினார். "புருஷன் பேரே தெரியவில்லை, இல்லாததைக் காட்டுகிறாள்" என்று நர்ஸிடம் சொல்லி எழுத வைத்தார். அட்மிட் பண்ணச் சொல்லிவிட்டார். அப்புறம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். என் இந்தி தோல் பட்டறை இந்தி. இதைச் சொல்ல அது காணாது. தமிழ் தெரிந்த ஒரு ஆள் அங்கே கிடையாது.

வார்டு கதவைச் சாத்தும்போது இசக்கி சொன்னாள்: "இந்தாரும், அடுப்பு மேல பால் இருக்கு. மூடிவையும், பூனை குடிச்சிரும்."

இதுவா பைத்தியம்?

பாலை மூடிவைத்துவிட்டேன். நம்ம வீட்டு முருகன் காலண்டரைக் கழற்றிப் பையில் வைத்திருக்கிறேன். நாளைக்கு அதை உள்ளே கொண்டுபோக வாட்ச்மேன் விடுவானோ என்னமோ.