உயிரோடு இருப்பவர்களுக்குச் சவப்பெட்டி

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து மழை. கடையில் மூன்று பேரையும் உட்காரவைத்துத் திட்டத்தைச் சொல்லிவிட்டேன்.

மாமனார் விட்டுப்போன சவப்பெட்டிக் கடை இது. சங்கனாச்சேரியில் ஆட்கள் சாகாமல் இல்லை. ஆனால் டென்னிஸ் என்பவனின் இறுதிச்சடங்குக் கம்பெனி ஆஸ்பத்திரி வாசலிலேயே ஆளைப் பிடித்துவிடுகிறது. குளிர்பெட்டி, பந்தல், பூ, சவப்பெட்டி எல்லாம் ஒரே இடத்தில். யார் எங்களிடம் வருவார்கள்? அதனால் இனி முன்பதிவு. இருக்கும்போதே அவரவர் வந்து, மரம் பார்த்து, துணி பார்த்து, தன் பெட்டியைத் தானே சொல்லிச் செய்துகொள்ளலாம்.

ஆசாரி அவுசேப்பு சேட்டன் பீடியைக் கீழே போட்டார். "மோளே, நடமாடிட்டு இருக்கறவன்கிட்டப் போய் 'வா, அளவெடுக்கறேன்'னா, அவன் என்னை அளந்துடுவான்."

உள்துணி தைக்கும் த்ரேசியா சிலுவை போட்டுக்கொண்டாள். டிரைவர் ஷிஜு மட்டும் பணிவாகக் கேட்டான்: "வேன்ல போர்டு வைக்காதீங்க சேச்சி. எனக்கு இப்பத்தான் பொண்ணு பாக்கறாங்க."

இது நடக்கவில்லை என்றால் ஓணத்தோடு கடையை மூட வேண்டியதுதான். அதை அவர்களிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ?

ஜூன் 4

மூவரும் ரகசியமாகப் பேசுகிறார்கள். நான் பக்கத்தில் போனால் மழையைப் பற்றிப் பேசுகிறார்கள்.

ஜூன் 6

முதல் ஆர்டர் என்னுடையது. வேறு வழி தெரியவில்லை.

"எனக்கு ஒரு பெட்டி போடுங்க சேட்டா" என்று பெஞ்சில் படுத்தேன். அவர் டேப்பைப் பிடித்துக்கொண்டு திணறினார். "ஆடாதீங்க மோளே. மூச்சு விட்டா அளவு மாறுது. பேசற ஆளை அளந்து எனக்குப் பழக்கமில்ல."

உள்ளே வயலட் துணி வேண்டும் என்றேன். இரண்டு நாளாக என்னிடம் வாய் திறக்காத த்ரேசியா பாய்ந்து வந்தாள். "வயலட்டா? உங்க நிறத்துக்கு எடுக்கவே எடுக்காது. அன்னிக்கு முகம் வேற வெளுத்திருக்கும்!"

க்ரீம் கலருக்கு ஒத்துக்கொண்டேன். பேசினாளே, அது போதும்.

ஜூன் 12

பெட்டி தயார். தேக்கு. படுத்துப் பார்த்தேன் — என் கட்டிலை விடச் சுகம்.

த்ரேசியா என்னைப் பார்த்துப் பார்த்து அழ ஆரம்பித்துவிட்டாள். "ஒரு நாள் கூட யாரையும் ஏசினதில்லையே!" "நேத்துகூட என்னை ஏசினாங்களே" என்றான் ஷிஜு. "செத்தவங்களைப் பத்தி அப்படிப் பேசாதேடா" என்றார் அவுசேப்பு சேட்டன்.

அந்த நேரம் பார்த்துத்தானா எங்கள் சர்ச் பாதிரியார், பங்கு அச்சன், வர வேண்டும்? பெருநாள் விஷயமாக வந்தவர், என்னைப் பார்த்ததும் கண்ணை மூடி ஜெபம் தொடங்கிவிட்டார். மரியாதைக்கு எழுந்து உட்கார்ந்து, "அச்சா, டீ குடிக்கறீங்களா?" என்றேன். குடையை விட்டுவிட்டு மழையில் ஓடினார்.

ஜூன் 13

ஊர் முழுக்க நான் செத்துவிட்டேன்.

குவைத்திலிருந்து என் வீட்டுக்காரர் ஜோஸ்மோன் ஃபோனில் அழுகிறார். "நான் ரீனிதாங்க பேசறேன்." "ரீனி, நீயாவது உள்ளதைச் சொல்லு. ரீனி எப்ப போனா?" இவரோடு பதினேழு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்!

மலர்வளையங்கள் வந்தன. மல்லப்பள்ளி அத்தை பஸ் மாறி வந்து, நான் நிற்பதைப் பார்த்துக் கோபப்பட்டாள். "இதுக்கா கறுப்புப் புடவை எடுத்துக் கட்டிட்டு வந்தேன்?"

மத்தியானம் டென்னிஸின் வேன் குளிர்பெட்டியோடு வந்து நின்றது. ஒரே தொழிலில் இருப்பவர்களுக்குச் சலுகையாம்! நான் பேசுவதற்குள் ஷிஜு குறுக்கே நின்றான். "எங்க சேச்சிக்கு உங்க டப்பாவா? நாங்க தேக்குல போட்டு வச்சிருக்கோம்டா! வந்து தையலைப் பாரு!"

நாங்க — என்றான். முதல் தடவையாக.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் பெட்டியைத் தடவிப் பார்த்தார்கள். ஓய்வுபெற்ற மத்தாயி சார் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தே பார்த்தார். "தோளுக்கு நல்லா இடம் இருக்கு. எனக்கும் ஒண்ணு போடு." அவரைத் தொடர்ந்து அத்தையும்.

ஜூன் 24

இப்போது வேறு தலைவலி. என் ஆட்கள் தங்களுக்கே பெட்டி செய்துகொண்டிருக்கிறார்கள். கடையில் இருந்த நல்ல பலா மரம் முழுக்க அவுசேப்பு சேட்டனுடையதற்குப் போய்விட்டது. த்ரேசியா தன்னுடையதற்கு லேஸ் வைக்கிறாள். ஷிஜு இன்னும் பெண்ணே அமையாமல், வரப்போகிறவளுக்கும் சேர்த்து டபுள் பெட்டி கிடைக்குமா என்கிறான்.

"சேட்டா, மத்தாயி சார் கேட்டுட்டே இருக்கார். எண்பத்தி நாலு வயசு."

"அவரு அவசரப்படற ஆளில்ல மோளே."

ஜூலை 9

டென்னிஸ் அவனே வந்தான். கூட அவன் அம்மா. கடைக்குள் நுழையும்போதே சத்தம்: "இவன் கம்பெனிப் பெட்டி எனக்கு வேண்டாம். அத்தனையும் பிளைவுட்! த்ரேசியா தைக்கறதுதான் வேணும்."

டென்னிஸ் தலை குனிந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். அம்மாவை அளவெடுத்து முடிக்கும் வரை பொறுத்திருந்து மெல்லக் கேட்டான். "இது யாரோட யோசனை?"

நான் வாயைத் திறந்தேன்.

"நாங்கதான்" என்றார் அவுசேப்பு சேட்டன், டேப்பைச் சுருட்டியபடி. "மோளுக்கு முதல்ல ஒரே பயம். நாங்கதான் தைரியம் சொல்லிப் படுக்க வச்சோம்."

த்ரேசியாவும் ஷிஜுவும் அப்படியே தலையாட்டினார்கள். துளி வெட்கம் இல்லை, உண்மையாகவே நம்புகிறார்கள்.

நான் உள்ளே போய் எல்லோருக்கும் டீ போட்டேன். சேட்டனுக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடுதலாக.